நாலு குழல் வண்டி – 14

சிகரெட் அட்டைக்குள் இருக்கும் மெல்லிசு ஜிகினாத் தாளை விரலகலம் கிழித்து, இன்ஜினுக்குத் தீப்பொறி தரும் சிபி பாயின்ட்டின் நடுவில் செருகி, சின்னத்தாய் மெதுவாக இழுத்துப் பார்த்தாள். வரவில்லை. இன்ஜினை மயிரிழை திருப்பி மறுபடி இழுத்தாள். வழுக்கிக்கொண்டு வந்தது.

“நடு சிலிண்டர் சரி. இன்னும் ஒண்ணு பாக்கி.”

“இன்னும் எம்புட்டு நேரம்டி? பத்தரைக்கு முகூர்த்தம்.” நல்லகாமன் வெள்ளைச் சட்டை போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து, வாசலுக்கும் வண்டிக்குமாக நடந்துகொண்டிருந்தார். லாரி மேலிருந்து மூட்டையோடு விழுந்ததிலிருந்து அவருக்கு நடை என்பது ஒரு கால் வைப்பது, ஒரு கால் இழுப்பது.

“மூணு சிலிண்டரு, மூணு பாயின்ட்டு. உங்க ஐயாவுக்கு எம்பது வயசு முடிஞ்சது இன்ஜினுக்குத் தெரியுமா? அது அதோட நேரத்துலதான் வரும்.”

“என்னமோ சொல்லு. பெரிய மனுசங்க கூப்பிட்டிருக்காங்க. நேரத்துக்குப் போவணும்.”

“பெரிய மனுசங்க நம்மள எங்கய்யா கூப்பிட்டாங்க? வண்டியக் கூப்பிட்டாங்க. நாம கூடப் போறோம்.”

வில்லாபுரத்தில் அந்தத் தெருவுக்கே அந்த வண்டியைத் தெரியும். எழுபத்தாறில் ஜப்பானில் செய்து, சிங்கப்பூர் வழியாகக் கப்பலில் வந்த டூ ஸ்ட்ரோக். மூணு சிலிண்டர், நாலு சைலன்சர். கணக்கு இடிக்கிறதே என்று கேட்காத ஆள் கிடையாது. நடு சிலிண்டருக்கு மட்டும் குழல் இரண்டாகப் பிரிந்து போகும். மதுரையில் இன்னொன்று ஓடுவதாக இதுவரை யாரும் வந்து சொன்னதில்லை.

தொண்ணூற்றேழில் அந்த ஐயா அனந்தநாராயணன் வீட்டுப் பின்பக்கக் கொட்டகையை இடிக்கப் போன கூலிகள்தான் நல்லகாமனும் சின்னத்தாயும். இன்ஜின் ஜாமாகிப் பதினேழு வருஷம் தேங்காய் மட்டைக்கு அடியில் கிடந்த வண்டியைக் காட்டி, “இந்தச் சனியனையும் சேத்து அள்ளிண்டு போங்கோ” என்றார் அவர். ஆர்.சி. புத்தகமும், பெயர் மாற்றக் கையெழுத்துப் போட்ட ஃபாரமும் கொடுத்தார். அள்ளினார்கள். வண்டி ஓட ஆறு வருஷம் ஆயிற்று. நல்லகாமன் விழுந்து படுத்த பிறகு ஸ்பானர் முழுசாகச் சின்னத்தாய் கைக்கு வந்தது. பகலில் சித்தாள் வேலை, சாயங்காலம் இன்ஜின். மாரட் வீதி பேரிங் கடைகளில் அளவு காட்டிக் காட்டி, கடைசியில் தண்ணி மோட்டாரின் சீல் ஒன்று பொருந்தியது. இறக்கிய இன்ஜினை அஞ்சு தடவை ஏற்றினாள்.

தப்பு வேறு இடத்தில் நடந்திருந்தது. கையெழுத்து அழிந்துவிடக் கூடாது என்று, ரேஷன் கார்டோடும் மகளின் டி.சி.யோடும் சேர்த்து அந்த ஃபாரத்துக்கும் சின்னத்தாய் லேமினேஷன் போட்டுவிட்டாள். போன மாதம் ஆர்.டி.ஓ. ஆபீஸ் கவுன்ட்டரில் அதை நீட்டியபோது, “பிளாஸ்டிக் மேல எப்படிம்மா சீல் குத்துறது?” என்றார் கிளார்க். நக்கல் இல்லை. நிஜமாகவே கேட்டார்.

இந்த மாதம் முப்பதோடு வண்டியின் பதிவு முடிகிறது. முன்பு பழைய பெயரிலேயே புதுப்பித்துத் தந்தார்கள். இப்போது பெயர் மாறாமல் முடியாது. புதுப்பிக்காமல் ரோட்டில் இறங்கினால் பறிமுதல். மகள் ஆர்த்திகா புதிதாக ஆன்லைனில் விண்ணப்பம் போட்டாள். ஓ.டி.பி. பழைய சொந்தக்காரரின் ஃபோனுக்குப் போனது. அந்த ஃபோன் அன்றைக்கு அவர் மகன் விஸ்வநாத்தின் கையில் இருந்தது.

எப்போதோ செத்துப்போனதாக நினைத்த வண்டி உயிரோடு ஓடுகிறது என்று அவர்களுக்கு அப்போதுதான் தெரிந்தது.

போன வாரம் அதே ஃபோனிலிருந்து விஸ்வநாத் பேசினான். அப்பாவுக்குச் சதாபிஷேகம். திருப்பரங்குன்றத்தில் மண்டபம். வண்டியைக் கொண்டு வாருங்கள், அப்பா ஒரு தடவை உட்காரட்டும், ஒரு ஃபோட்டோ எடுத்துக்கொள்கிறோம். ஓ.டி.பி., கையெழுத்து எல்லாம் அங்கேயே முடித்துவிடலாம்.

“எனக்கு நம்பிக்கை இல்லம்மா,” என்றாள் ஆர்த்திகா, ஹெல்மெட்டைத் துடைத்தபடி. ஸ்கேன் சென்டரில் வேலை. இன்றைக்கு லீவு போட்டிருந்தாள். “அந்தாளு பேசுறப்ப அப்பாவோட வண்டி, அப்பாவோட வண்டின்னு பதினோரு தடவ சொன்னாரு. நான் எண்ணுனேன்.”

“நீ ஒருத்தி,” என்றார் நல்லகாமன். “ஐயா அப்பேர்ப்பட்ட ஆளு இல்ல.”

“ஐயாவப் பத்தி யாருப்பா பேசுனா? அவரு மகனப் பத்திப் பேசுறேன்.”

சின்னத்தாய் மூடியை மாட்டி, கையைத் துணியில் துடைத்தாள். “போவோம். கையெழுத்து வேணும்ல. ஆனா ஒண்ணு. வண்டி அங்க நிக்கும். சாவி எங்கிட்ட இருக்கும்.”

சேலையை இடுப்பில் செருகினாள். கிக்கரை ஒரு தடவை சும்மா அமுக்கி, இரண்டாவது தடவை மிதித்தாள். நாலு குழலும் ஒன்றாக நீலப் புகை விட்டன. எதிர்வீட்டுக்காரி ஜன்னலைச் சாத்தினாள். தினமும் சாத்துகிறவள்தான்.

நல்லகாமன் பஸ்ஸுக்கு நடந்தார். ஆர்த்திகா ஓட்ட, சின்னத்தாய் பின்னால் உட்கார்ந்தாள்.

அவனியாபுரம் தாண்டி சிக்னலில் ஒரு புல்லட்காரன் குனிந்து பார்த்தான். “என்ன வண்டிக்கா இது? சத்தம் மரம் அறுக்குற மாதிரி இருக்கு?”

“ஜப்பான் வண்டி.”

“விக்கிறதா இருந்தா நம்பர் குடுங்கக்கா.”

“உங்க வீட்டுல யாரையாச்சும் விக்கிறதா இருந்தா மொதல்ல சொல்லுங்க,” என்றாள் சின்னத்தாய். சிக்னல் விழுந்தது.

*

மண்டப வாசலில் அவர்களை யாரும் தடுக்கவில்லை. வண்டிக்கு வழி விட்டார்கள். பட்டுப் புடவைகள் விலகின. செல்ஃபோன்கள் உயர்ந்தன. போர்ட்டிகோவுக்குக் கீழே, கோலத்துக்குப் பக்கத்தில் நிறுத்தச் சொல்லி விஸ்வநாத்தே கை காட்டினான். நாற்பத்தெட்டு வயது, மயில்கண் வேஷ்டி, நல்ல வியர்வை.

“அப்படியே இருக்கு! அப்படியே!” டேங்கைத் தடவினான். “சின்ன வயசுல இதோட பேரைச் சொன்னாலே அப்பா எழுந்து போயிடுவார். மட்டைக்கு அடியில கெடந்தப்போ கிட்டயே போக விட்டதில்லை. முழுசா ஃபோட்டோலதான் பாத்திருக்கேன்.” அவன் கண் கலங்கியது நிஜம்தான். ஆர்த்திகாவுக்கே ஒரு மாதிரி ஆனது.

“கையெழுத்து...” என்றாள் அவள்.

“எல்லாம் ஆகும்மா. மொதல்ல சாப்பிடுங்கோ. கீழ பந்தி நடக்கறது.”

அதற்குள் நல்லகாமன் வந்து சேர்ந்திருந்தார். செருப்பைக் கேட்டுக்கு வெளியிலேயே விட்டிருந்தார். அனந்தநாராயணனை இரண்டு பேர் கைத்தாங்கலாக அழைத்துவந்து வண்டி மேல் உட்கார வைத்தார்கள். கழுத்தில் மாலை, தலையில் அபிஷேக ஈரம். மனைவி பாலாம்பாள் பக்கத்தில் நின்றாள். ஃபோட்டோக்காரன் சிரிக்கச் சொன்னான். அவர் சிரிக்கவில்லை. ஹேண்டில் பாரை இரண்டு கையாலும் பிடித்தார். க்ளட்ச்சை ஒரு தடவை அழுத்தி விட்டார். பிறகு இறங்கிவிட்டார்.

விஸ்வநாத்தின் மனைவி சுஷ்மா சந்தனக் கிண்ணத்தோடு வந்தாள்.

“நாம சாப்பிட்டு வந்துருவோம்,” என்றாள் சின்னத்தாய். சாவியைப் புருஷன் கையில் வைத்து விரல்களை மூடினாள். “நீ மொதப் பந்தியில குந்த மாட்டேன்னு தெரியும். இங்கேயே நில்லு. இடுப்புல சொருகிக்க. யார் கேட்டாலும் குடுக்காத.”

“எனக்குத் தெரியாதா?”

கீழே சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு ஓரமாகப் பூக்காரர்களோடும் டிரைவர்களோடும் இலை போட்டார்கள். சாப்பாடு நன்றாகத்தான் இருந்தது. பாயசம் ஊற்றும்போது மேலே மைக் கரகரத்தது.

“இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னாடி எங்காத்தை விட்டுப் போன அப்பாவோட வண்டி, இன்னிக்கு மறுபடியும் நம்மகிட்டயே வந்துடுத்து. இனிமே பெங்களூர்ல எங்களோடதான் இருக்கும். எல்லாரும் ஒரு தடவை கை தட்டுங்கோ!”

தட்டினார்கள். கீழே பரிமாறுகிறவனும் வாளியைக் கீழே வைத்துவிட்டுத் தட்டினான்.

சின்னத்தாய் இலையை மூடவில்லை. எச்சில் கையோடு எழுந்து படி ஏறினாள். ஆர்த்திகா பின்னாலேயே ஓடினாள்.

*

மண்டபத்துக்கு வெளியே ஒரு மூடு லாரி பின்கதவைத் திறந்து பலகை சாய்த்து நின்றது. வீட்டுச் சாமான் ஏற்றும் லாரி. உள்ளே மெத்தை கூட விரித்திருந்தார்கள்.

வண்டியில் விஸ்வநாத் உட்கார்ந்திருந்தான். வேஷ்டியை மடித்துக் கட்டியிருந்தான். ஹெட்லைட்டில் சாமந்தி மாலை. சொந்தக்காரப் பையன்கள் இரண்டு பேர் ஃபோனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

நல்லகாமன் தூணோரமாக நின்றார்.

“சாவி எங்கய்யா?”

“கேட்டாரு.”

“கேட்டா?”

“குடுத்துட்டேன்டி.” அவர் தன் உள்ளங்கையைப் பார்த்தார். “கை தானா நீண்டுருச்சு.”

சின்னத்தாய் அவரைத் திட்டவில்லை. நேரமில்லை.

“மலைய ஒரு ரவுண்டு சுத்திட்டு வந்து ஏத்திடலாம்!” என்று விஸ்வநாத் யாருக்கோ சத்தமாகச் சொல்லிவிட்டு மிதித்தான். சூடு ஆறாத இன்ஜின். மூன்றாவது மிதியில் பிடித்துக்கொண்டது. கூட்டம் ஓவென்றது.

அப்போதுதான் சின்னத்தாய் பார்த்தாள்.

வண்டி முழுக்கச் சந்தனம். டேங்கில், லைட்டில், மட்கார்டில், ஸ்பீடாமீட்டரில். அதெல்லாம் போகட்டும். சீட்டுக்குக் கீழே வலது பக்கம் ஆயில் டேங்க். அதன் மூடி மேல் கட்டைவிரல் கனத்துக்குச் சந்தனம் அப்பி, நடுவில் குங்குமம் வைத்து, ஒரு சாமந்தி இதழையும் ஒட்டியிருந்தார்கள். இன்ஜின் சூட்டில் அது காய்ந்துவிட்டது. அதற்கு அடியில்தான் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை. காற்று உள்ளே போகிற வழி அது ஒன்றுதான். பாட்டிலைக் கவிழ்த்து, காற்றுப் போக விடாமல் செய்தால் தண்ணீர் இறங்காது. எண்ணெய்க்கும் அதே கதைதான். பெட்ரோல் வரும், வண்டி பறக்கும், உள்ளே பிஸ்டன் வறண்டு வறண்டு, சூடேறி, ஒரு இடத்தில் கடித்துக்கொள்ளும்.

சின்னத்தாய் சும்மா நின்றாள்.

ரொம்ப நேரம் இல்லை. மூணு மூச்சு இருக்கும். அந்த மூணு மூச்சிலும் அவள் நினைத்தது நல்ல நினைப்பு இல்லை. போகட்டும். கடிக்கட்டும். நமக்கு இல்லாத வண்டி இவனுக்கும் வேண்டாம்.

பக்கத்தில் நல்லகாமன் காலை மாற்றி ஊன்றினார். இழுக்கிற காலின் சத்தம் கேட்டது. மூட்டையோடு விழுந்த ஒரு ஆளைத் தூக்கி வந்து போட்டால், அதற்கப்புறம் ஒரு வீடு எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

நாலு எட்டில் போய் முன்சக்கரத்தை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் வாங்கி, ஹேண்டில் பாரைப் பிடித்துக்கொண்டாள். எச்சில் கை. பாயசப் பிசுக்கு.

“இறங்குங்க.”

“வழி விடும்மா.” விஸ்வநாத்தின் சிரிப்பு போய்விட்டது. “இதப் பாருங்க, சட்டப்படி வண்டி எங்கப்பா பேர்ல இருக்கு.”

“சட்டத்தப் பெறகு பேசுவோம். மொதல்ல இறங்குங்க. ஆயில் மூடியில சந்தனம் அடைச்சிருக்கு. எண்ணெய் இறங்காது. நாலு மைலோ அஞ்சு மைலோ ஓடும். பெறகு பிஸ்டன் கடிச்சுப் பின்சக்கரம் பொசுக்குன்னு நிக்கும். வண்டிதான் நிக்கும். நீங்க நிக்க மாட்டீங்க.”

யாரோ சிரித்தார்கள்.

“பொட்டு வெச்சா வண்டி ஓடாதா? ஊர்ல எல்லா வண்டிக்கும்தான் வைக்கிறா.”

“எல்லா வண்டியும் இந்த வண்டி இல்ல.”

“வண்டிய விட மனசில்லைன்னு நேராச் சொல்லுங்கோ. கதையெல்லாம் வேண்டாம்.”

“மனசில்லதான். அத நேராவே சொல்றேன்.” அவள் குரல் ஏறியது. “ஆனா இது கதையில்ல. உங்க வீட்டுக் கொட்டகையில இது ஏன் பதினேழு வருசம் கெடந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியும். நான்தான் தெறந்தேன். இதே மூடி. இதே ஓட்டை. உள்ள சந்தனம் காஞ்சு கல்லு மாதிரி இருந்துச்சு. கோணி ஊசியால நோண்டி எடுத்தேன். நடு பிஸ்டன் சுவரோட ஒட்டிக்கெடந்துச்சு. இன்ஜினுக்கு வேற ஒரு கேடும் இல்ல.”

கூட்டத்தில் சத்தம் அடங்கியது. வண்டி மட்டும் நின்ற இடத்தில் உறுமிக்கொண்டிருந்தது.

“ஆயுத பூஜைக்கு மறுநாள்.”

சொன்னவர் அனந்தநாராயணன். போர்ட்டிகோ நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. “எண்பதுல. கப்பலூர் தாண்டி. சக்கரம் அப்படியே நின்னுடுத்து. ஆறு மாசம் மாவுக்கட்டு.”

பாலாம்பாள் அவர் தோளிலிருந்து கையை எடுத்தாள்.

“நான்தான் வெச்சேன்,” என்றாள். “அந்த வருஷம் எல்லா மூடிக்கும் நான்தான் வெச்சேன். இன்னிக்கு சுஷ்மாகிட்டயும் நான்தான் சொன்னேன், ஒண்ணு விடாம வைன்னு.” புருஷன் பக்கம் திரும்பினாள். “நாப்பத்தஞ்சு வருஷமா அந்த வண்டிக்கு ராசியில்லை, சனியன்னு சொல்லிண்டிருந்தேளே.”



விஸ்வநாத்தின் கால்கள் தரையில் ஊன்றின. சின்னத்தாய் கை நீட்டி சாவியைத் திருப்பினாள். இன்ஜின் நின்றது. சாவியை உருவி ஜாக்கெட்டுக்குள் போட்டாள். கொண்டையிலிருந்து ஒரு ஊசியை எடுத்து, குத்தவைத்து உட்கார்ந்து, மூடியைச் சுரண்டினாள். காய்ந்த சந்தனம் பொடிப்பொடியாகக் கோலத்தில் விழுந்தது. துளையில் ஊசியை விட்டுத் திருகி, வாயை வைத்து ஊதினாள். முந்நூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் அவசரப்படவில்லை.

“அப்பாவுக்கு எண்பது,” என்றான் விஸ்வநாத், தணிந்த குரலில். இப்போது இறங்கி நின்றிருந்தான். “அவர் இருக்கிற வரைக்கும் அவர் கண் முன்னால இருக்கட்டும்னு நெனச்சேன். அது தப்பா?”

“நெனச்சது தப்பில்ல. எங்களக் கேக்காம மைக்குல சொன்னது தப்பு.”

“நீங்க எடுத்துண்டு போனா நான் போலீஸ்ல எழுதிக் குடுப்பேன்.”

“குடுங்க. இன்ஜின் நம்பர் கேப்பாங்க. எனக்கு மனப்பாடம். வேணும்னா நீங்களும் எழுதிக்கங்க, சொல்றேன்.”



சின்னத்தாய் ஹெட்லைட்டிலிருந்து மாலையைக் கழற்றினாள். எங்கே வைப்பது என்று பார்த்தவள், லாரி டிரைவரிடம் கொண்டுபோய் நீட்டினாள். “உங்க வண்டிக்குப் போடுங்கண்ணே. இன்னிக்கு உங்களுக்கு லோடு இல்ல.”

ஆர்த்திகா ஹெல்மெட் மாட்டி ஏறினாள். முதல் மிதியிலேயே வண்டி பிடித்தது.

“நீங்க போங்க,” என்றார் நல்லகாமன். “நான் பஸ்ல வாரேன்.”

*

அவனியாபுரம் போகும் ரோட்டில் பஸ் ஸ்டாப் ஒட்டி ஒரு டீக்கடை. அவர் வந்ததும் சேர்ந்து போகலாம் என்று அங்கே நிறுத்தினார்கள். மத்தியானம் இரண்டே கால். மூன்று பஸ் போய்விட்டது.

“கையெழுத்தும் போச்சு, ஓ.டி.பி.யும் போச்சு,” என்றாள் ஆர்த்திகா. “முப்பதாம் தேதிக்கு இன்னும் நாலு நாளு. பெறகு இத வீட்டுக்குள்ள வச்சுக் கும்பிடணும்.”

“வீட்டுக்குள்ள வச்சாலும் நம்ம வீட்டுக்குள்ளதான இருக்கும்?”

“போலீசு வந்தா?”

“வரட்டும். டீ குடி.” சொன்னாளே தவிர, தன் கிளாஸை அவள் வாயில் வைக்கவில்லை. வண்டி மேல் சாய்ந்து நின்றாள். குழல் சுட்டது. நகரவில்லை.

ஆர்த்திகாவின் ஃபோன் அடித்தது. விஸ்வநாத் பேசிய அதே நம்பர். ஸ்பீக்கரில் போட்டாள்.

“சண்டை போடவா கூப்பிடுறீங்க?”

“நான் பாலாம்பாள் பேசறேன்.” கிசுகிசுப்பான குரல். “வாழ்த்துச் சொல்ல எல்லாரும் கூப்பிடறான்னு ஃபோனை எங்கிட்ட குடுத்து வெச்சிருக்கான் விசு. மாடி ரூம்ல இருக்கோம், இவரும் பக்கத்துலதான் இருக்கார். ஏதோ நம்பர் வரணும்னேளே, அதை அனுப்பச் சொல்லு. இவருக்குக் கண்ணாடி போட்டாலும் தெரியலை. நான் படிக்கறேன்.”

“ஐயா சம்மதிச்சுட்டாராம்மா?” என்றாள் சின்னத்தாய்.

 தூரத்தில் அனந்தநாராயணனின் குரல். “அள்ளிண்டு போங்கோன்னு நான்தானே சொன்னேன். சொன்னது சொன்னதுதான்.”

ஆர்த்திகாவின் விரல்கள் பறந்தன. பக்கம் திறந்தது. விண்ணப்ப எண். பட்டனை அழுத்தினாள். ஓ.டி.பி. அனுப்பப்பட்டது, பத்து நிமிடம் செல்லும் என்று திரை சொன்னது.

“வந்துடுத்து,” என்றாள் பாலாம்பாள். “எழுதிக்கோ. நாலு... ஏழு... ஒண்ணு... இன்னொரு ஒண்ணு... எட்டு...”

“சொல்லுங்கம்மா.”

“யார்கிட்டம்மா பேசிண்டிருக்கே? குடு அதை!”

விஸ்வநாத்தின் குரல். லைன் அறுந்தது.

திருப்பிக் கூப்பிட்டாள். ஸ்விட்ச் ஆஃப். திரையில் ஆறு கட்டம். அஞ்சு நிறைந்திருந்தது, ஒன்று காலி.

“பூச்சியத்துலேர்ந்து ஒம்பது வரைக்கும் பத்துல ஒண்ணுதானம்மா? குத்துமதிப்பாப் போடவா?”

“தப்பாப் போச்சுன்னா?”

“மூணு தடவ தப்பானா பூட்டிரும். அதுக்கப்புறம் அந்தாளு அந்த ஃபோன நம்ம பக்கமே வர விட மாட்டாரு.”

சின்னத்தாய் டீயைக் கீழே கொட்டினாள். “கண்ணக் கட்டிக்கிட்டு ஸ்பானர் பிடிக்கிற வேலை வேணாம். உங்கப்பனக் கூப்பிடு. எம் ஃபோன்லேர்ந்து கூப்பிடு.”

நல்லகாமன் உடனே எடுத்தார்.

“எங்கய்யா இருக்க?”

“மண்டபத்துக் கேட்டுலதான் நிக்கிறேன்.”

“இம்புட்டு நேரமாவா?”

“ஐயாகிட்ட ஒரு வார்த்த சொல்லிக்காம எப்படி வாரது? வெளிய வருவாருன்னு பாத்துக்கிட்டு இருக்கேன்.”

“அவரு வெளிய வர மாட்டாரு. நீ உள்ள போ.”

“உள்ளயா?”

“மேல ரூம்ல இருக்காங்க. அவரு சரின்னுட்டாரு, அந்தம்மா நம்பரு சொல்லிக்கிட்டு இருந்துச்சு. அஞ்சு வந்துருச்சு. ஆறாவது வாரதுக்குள்ள மகன் ஃபோனப் பிடுங்கிட்டான். ஒரே ஒரு நம்பருய்யா. பத்து நிமிசத்துல ரெண்டு நிமிசம் போயிருச்சு.”

 கூலி வேலைக்குப் போன எந்தப் பெரிய வீட்டிலும் நல்லகாமன் பின்வாசலைத் தாண்டியதில்லை. தண்ணீர் கேட்டால் கூட வெளியே நின்றுதான் கேட்பார். யாரும் நிற்கச் சொன்னதில்லை. நிற்பார்.

“சின்னத்தாயி,” என்றார். “சாவிய நான் குடுத்திருக்கக் கூடாது.”

“அதப் பெறகு பேசுவோம். ஃபோன வைக்காம சட்டப்பையில போட்டுக்கிட்டு ஏறு.”

பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. யாரோ பாக்கு கேட்டார்கள். பிறகு படி. ஒரு கால் வைக்கும் சத்தம், ஒரு கால் இழுக்கும் சத்தம். ஒவ்வொரு படியாக. ஆர்த்திகா திரையைப் பார்த்தாள். ஆறு நிமிஷம். அஞ்சு. டீக்கடைக்காரர் கிளாஸ் கழுவுவதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

கதவு.

“நீ எங்க மேல வந்தே?” விஸ்வநாத். “யாரைக் கேட்டு வந்தே?”

“யாரையும் கேக்கல.”

அந்த வாக்கியத்தின் கடைசியில் ஒரு ‘ஐயா’ வரும் என்று சின்னத்தாய் காத்திருந்தாள். வரவில்லை.

“ஆறாவது நம்பரு பாக்கி இருக்கு. அத வாங்கிட்டுப் போக வந்தேன்.”

“கீழ இறங்கு மொதல்ல.”

“ஏறவே எனக்கு அஞ்சு நிமிசம் ஆச்சு. வாங்காம இறங்குறதா இல்ல.”

“விசு...” என்று பாலாம்பாளின் குரல் எங்கோ ஆரம்பித்து நின்றது.

பிறகு தரையில் நாற்காலி ஒன்று இழுபடும் சத்தம். அதற்கடுத்து, இடுப்பு வலியோடு கீழே அமரும்போது மட்டும் நல்லகாமன் விடுகிற அந்த முனகல்.

ஆர்த்திகா தாயின் கையைப் பிடித்தாள்.

“அப்பா உக்காந்துட்டாரும்மா.”

திரையில் இரண்டு நிமிஷம் நாற்பது நொடி இருந்தது.